காடைக்குஞ்சு உட்கார்ந்த இடம்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கும் பாறைமேட்டுக்கும் நடுவே ஒரு தெரு. மேட்டில் குடியிருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தெரு வழியாகத்தான் தண்ணீருக்குப் போய்வர வேண்டும்.

முன்பு அந்தத் தெருவில் புதர்கள் இருந்தன. மயில் தெருவுக்குத் தலைவராக வந்ததும், தோகை சிக்குகிறது என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னது. கடைசியாகப் பிடுங்கிய புதரின் அடியில்தான் ஆமை குடியிருந்தது. அந்த இடம் மயில் ஆடுகிற மேடை ஆகிவிட்டது.

இது நடந்து எட்டு வருஷம் ஆகியும் ஆமை மறக்கவில்லை. தினமும் அந்த வழியாகப் போகும்போது ஒரு தடவை நின்று, மேடையை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அந்த வருஷக் கோடையில் காடை தன் ஏழு குஞ்சுகளோடு குளத்துக்குப் புறப்பட்டது. மண் சுட்டது. பாதி வழியில் ஒரு குஞ்சு உட்கார்ந்தது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

காடை மயிலிடம் போய் நின்றது.

"தெருவுக்கு நிழல் வேணும் தலைவரே. இன்னும் ரெண்டு கோடை பார்ப்பேன். அதுக்குள்ள நிழல் வரலைன்னா மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவேன்."

மலைக்கு அந்தப் பக்கம் பருந்துகள் இருந்தன. அது எல்லாருக்கும் தெரியும்.

"கூட்டம் போட்டுடலாம்" என்றது மயில். "நாளைக்குக் காலையில, உச்சிப்பாறை மேல. எல்லாரும் வந்து கருத்து சொல்லுங்க."

காடைக்குக் குஞ்சுகளை விட்டுவிட்டு அவ்வளவு உயரம் ஏற முடியாது. மானின் குளம்பு அந்தப் பாறையில் வழுக்கும். ஆமை மட்டும் உடனே கிளம்பியது. அது உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் சாயங்காலம். மயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்சுது. கொன்றை வைக்கிறதா முடிவாச்சு. எல்லாருக்கும் சம்மதம்."

"யார் யார் வந்தாங்க?"

"நான் வந்தேன்."

"கொன்றை கோடையில இலையைக் கொட்டிடுமே. நிழல் எங்கேருந்து வரும்?"

"மஞ்சளாப் பூக்கும். என் கழுத்து நீலத்துக்கு எடுப்பா இருக்கும். ஒரு தோகை நீளத்துக்கு ஒண்ணு, நேர் வரிசையா. மாத்தணும்னா காலையிலயே வந்து சொல்லியிருக்கலாமே நீ."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டது.

கன்றுகளை நட்டார்கள். நட்ட அன்று ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மயில் ஆடியது. மறுநாள் முதல் அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. பத்தே நாளில் எல்லாம் குச்சியாகிவிட்டது.

"உங்களால்தான் கெட்டது" என்று மயில் கத்தியது. "இனி என் அனுமதி இல்லாமல் இந்தத் தெருவில் யாரும் குழி தோண்டக் கூடாது. விதை போடக் கூடாது. கன்று நடக் கூடாது!"

அன்று மாலை குளக்கரையில் ஆமை, மான், கொண்டைக்குருவி, காடை நான்கும் சந்தித்தன.

"குழி தோண்டக் கூடாது, நடக் கூடாது, அவ்வளவுதானே" என்றது ஆமை. "வெளிக்குப் போகக் கூடாதுன்னு சொல்லலையே?"

யாருக்கும் புரியவில்லை.

"மான் இலந்தைப்பழம் தின்னுது. குருவி வேப்பம்பழம் தின்னுது. கொட்டையெல்லாம் எங்கே போகுது? எரு அதுலயே இருக்கு. தனியா வேற வேணாம்."

குருவி சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து நழுவியது. மானுக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது.

"நாங்க ஒரே இடத்துலதான் போவோம். பாறைக்குப் பின்னால. எங்க அப்பா, அவங்க அப்பா, எல்லாரும் அங்கேதான். நடுத்தெருவுல எனக்கு வராது."

"கண்ணை மூடிக்கோ" என்றது குருவி.

"எந்த இடத்துலன்னு யார் சொல்றது?" என்று மான் பேச்சை மாற்றப் பார்த்தது.

ஆமை காடையைப் பார்த்தது. "உன் பிள்ளைங்க நடந்து வரும்போது எங்கெங்கே உட்காருதுங்க?"

அதுவரை யாரும் காடையிடம் அதைக் கேட்டதில்லை. அது எழுந்து தெருவில் நடந்தது. ஐந்து இடத்தில் நின்று காலால் மண்ணைக் கீறிக் காட்டியது. மூன்றாவது இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ஐந்தாவது இடம் மயிலின் மேடைக்கு நட்டநடுவே இருந்தது.

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றது ஆமை.

வேலை தொடங்கியது. குருவி இரண்டு இடங்களைப் பார்த்துக்கொண்டது. மான் முதல் நான்கு நாள் போய் நின்றுவிட்டு வெறுமனே திரும்பி வந்தது. ஐந்தாம் நாள், எல்லாரும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்ட பிறகு, காரியம் நடந்தது. அப்புறம் அதற்கு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆமை தினமும் விடிகாலையில் மயிலுக்கு அத்திப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தது.

"அன்னைக்கு எதிர்த்துப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தலைவரே."

"நான் பெரிய மனசுக்காரன்" என்று சொல்லிக்கொண்டே மயில் தின்றது. ஆடத் தொடங்குவதற்கு முன்னால் படபடப்பில் ஒரு தடவை வெளிக்குப் போவது மயிலின் வழக்கம். நின்ற இடத்திலேயே போகும். எட்டு வருஷமாக முறைத்துப் பார்த்த ஆமைக்கு அது தெரியாதா?

மழை வந்தது. முளைத்தது. காடை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒவ்வொரு முளையின் அடியிலும் ஒரு சொட்டு விட்டது. அடுத்த மழைக்குள் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. ஆடும்போது தன் தோகையை மட்டுமே பார்க்கிற மயில் அப்போதுதான் குனிந்து பார்த்தது.

"யார் நட்டது இதை? இப்பவே கொத்தி எறியறேன்!"

"யாரும் நடலை" என்றது ஆமை. "மூக்கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அது மான் போன இடம். இன்னைக்குக் காலையிலகூட வந்துட்டுப் போச்சு."

மயில் மூக்கை எடுத்துக்கொண்டது. அடுத்த கன்றுக்கு ஓடியது.

"அது குருவியோடது."

மயில் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் புல்லில் தேய்த்தது. மூன்றாவது, நான்காவது எல்லாவற்றிலும் இதே கதை. கடைசியில் மேடைக்குப் போனது. நடுவில் ஓர் அத்திக்கன்று. மற்ற எல்லாவற்றையும்விட உயரம்.

"இது யார் வேலை? அவனை ஊரைவிட்டே துரத்தப் போறேன்."

ஆமை கழுத்தை நீட்டியது. அவசரமே படவில்லை.

"உங்க வேலைதான் தலைவரே. நான் பழம் மட்டும்தான் கொடுத்தேன்."

மான் இருமியது. குருவி இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு குளத்தின் அக்கரைக்கு ஆடப் போய்விட்டது. இப்போதெல்லாம் வெளியூர்ப் பறவைகள் வந்தால், "அந்த அத்தி நானே வளர்த்தது" என்று காட்டுகிறதாம். எப்படி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறது.

ஆமை அத்தியின் அடியில் குடியேறிவிட்டது. மயிலை மன்னித்துவிட்டதா என்று குருவி கேட்டது. "இல்லை" என்றது ஆமை.

காடை சொன்ன இரண்டாவது கோடை வந்தது. அது எட்டுக் குஞ்சுகளோடு மேட்டிலிருந்து இறங்கியது. மூன்றாவது இடத்தில் கடைக்குட்டி உட்கார்ந்தது. காடை அதன் பக்கத்திலேயே நின்றது. வேம்பின் நிழல் குஞ்சின் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு மற்றவற்றின் பின்னால் ஓடியது. எட்டும் தண்ணீர் குடித்தன.

தெருவில் நிழல் எங்கே வேண்டும் என்பதை அதில் வெறுங்காலோடு நடப்பவர்களைக் கேட்டு வைத்தால்தான் மரம் பிழைக்கும்.