தலைவர் படுத்திருந்த அறை

என் தலையிலடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. புயலுக்குப் பயந்து ஊரே பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தது. சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது, விறகெல்லாம் ஊறிக் கிடந்தது, பிள்ளைகள் பசியில் அழுதார்கள். ஊராட்சித் தலைவர் தணிகாசலம் சமையற்காரி பவுனம்மாளிடம் வந்து குதித்தார்.

"மதியம் தாசில்தார் வர்றார். சுடச்சுடச் சோறு இல்லேன்னா உனக்கு வேலையும் இல்ல!"

"எதை எரிக்கிறது தலைவரே?"

"காய்ஞ்சது எது கண்ணுல பட்டாலும் எரி! இதையும் நானா சொல்லித் தரணும்?"

அங்கே ஒழுகாத அறை ஒன்றே ஒன்றுதான். அதில் தலைவரின் பிறந்தநாள் பேனர்கள் மரச்சட்டத்தோடு பனையுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

மதியம் சாம்பார் சாத வாசனை ஊரைத் தூக்கியது. "எல்லாம் நம்ம ஏற்பாடுங்க," என்று தாசில்தாரிடம் தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாங்கய்யா, உத்தரவும் அவருது, விறகும் அவருது," என்றாள் பவுனம்மாள்.

தாசில்தார் அடுப்பைப் பார்த்தார். உள்ளே சட்டங்கள் எரிந்தன. மேலே மழைமறைப்பாகக் கட்டிய பேனரில், முகமெல்லாம் கரியோடு தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க ஏன் வராண்டாவுல நனையுதுங்க?"

"அந்த அறையில தலைவர் படுத்திருந்தாருங்கய்யா, முப்பது பேரா. இப்பதான் அடுப்புக்குப் போனாரு, இடம் காலி."

பிள்ளைகள் தட்டோடு அறைக்குள் ஓடினார்கள். தலைவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள். அவர் பேனர்களுக்குப் புதுச்சட்டம் அடித்துக் கொடுப்பவன் நான்தான்.