தாடைக்கு இறங்கிய வாய்மூடி

அந்தக் காலத்தில் குரங்குக்குக் கன்னத்தில் பை கிடையாது. தையல்சிட்டுக்கும் இப்போது போல ஓயாத வாய் கிடையாது. காட்டில் எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்த நாள் அது. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது.

ஏரிக்கரை ஆலமரத்தில் கோட்டையன் என்ற குரங்கு தன் கூட்டத்தோடு குடியிருந்தது. மரத்துக்கு நேர் கீழே ஒரு பூவரசங்கன்று. அதில் நூலாயி என்ற தையல்சிட்டு இரண்டு இலைகளை ஒன்றாக இழுத்துத் தைத்து, பஞ்சு வைத்து, மூன்று குஞ்சு பொரித்திருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் குரங்குகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. அவற்றுக்குப் பெரிய உடம்பு, இருமிவிட்டுப் பழம் தின்னப் போய்விடும். ஆனால் மேலே இருமினால் சாரல் நேராகக் கூட்டுக்குள் இறங்கும். கடைக்குட்டிக் குஞ்சுக்கு முதலில் மூச்சு இரைத்தது. பிறகு இரையைக் காட்டினாலும் வாய் திறக்கவில்லை. குஞ்சின் வாயை மூடிவைக்கவும் முடியாது, மூடினால் ஊட்டுவது எப்படி? மூட வேண்டியது மேலே இருக்கிறவர்கள் வாயைத்தான்.

முதலில் மரியாதையாகத்தான் போய்க் கேட்டாள். மாமா, இருமும்போது கொஞ்சம் வாயைப் பொத்திக்கொள்ளுங்கள், கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். அதற்கென்ன, தாராளமாக என்று கோட்டையன் சொன்னது. சொல்லும்போதே அவள் முகத்தில் இருமியது.

கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் தைக்க உட்கார்ந்தாள். பூவரசு இலையை மடித்து, இலவம்பஞ்சைத் திரித்து, காதில் மாட்ட இரண்டு பக்கமும் நார் வைத்து, ஆளுக்கு ஒரு வாய்மூடி. குஞ்சுக்கு இரை தேடப் போகிற நேரத்தையும் விட்டுத் தைத்தாள். குரங்குகள் முண்டியடித்து வாங்கிக்கொண்டன. மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்று அதைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்திருக்கிறது. ஒன்று விசிறிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி பிள்ளைக்குக் கால் கழுவித் துடைத்துவிட்டுக் கிளையில் காயப்போட்டிருக்கிறாள். வாயில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

நூலாயி கூட்டுக்கு வந்து அலகைத் தூக்கிக்கொண்டு புலம்பினாள். அவள் புருஷன் செவந்தான், தலையில் செம்மண் பூசின மாதிரி நிறம், நிதானமான ஆள். புழுவை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்:

"போடு போடுன்னு சொன்ன. ஏன் போடலன்னு ஒருத்தரையாவது கேட்டியா புள்ள?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போய்க் கேட்டாள். மூச்சு முட்டுகிறது என்றார்கள் சிலர். அலகால் பொடிப்பொடியாகத் துளை போட்டுக் கொடுத்தாள். முகம் தெரியாவிட்டால் தலைவன் யார் என்று எப்படித் தெரியும் என்றது கோட்டையன். தலைவன் அடையாளமாக அதன் மூடியில் மட்டும் ஓரத்தில் பல் பல்லாகக் கருக்கு வைத்துத் தைத்தாள். மற்றவர்களில் யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்து, கோட்டையன் பெண்டாட்டி காத்தாயியிடம் போனாள். ஆவாரம்பூ ஒன்றை வைத்துத் தைத்து, "அத்தை, இது உங்க மூக்குக்குன்னே தைச்சது. வேற யாருக்கும் நிக்காது" என்றாள்.

காத்தாயி அதைப் போட்டுக்கொண்டு கிளைக்குக் கிளை நடந்து காட்டினாள். பொழுது சாய்வதற்குள் பெண் குரங்குகள் எல்லாம் எனக்கும் பூ வைத்து வேண்டும் என்று வந்து நின்றன. பெண்கள் போட்டதும் ஆண்களும் போட்டார்கள். மரம் முழுக்கப் பச்சை மூஞ்சி. இருமல் சத்தம் இலைக்குள்ளேயே அடங்கியது. கடைக்குட்டி அன்றைக்கு ஒரு சின்னப் புழுவை விழுங்கியது. நூலாயி அழுதே விட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஆலம்பழம் சிவக்கிற வரைக்கும்தான். பழுத்ததும், தின்ன வேண்டுமே என்று மூடியைத் தாடைக்கு இறக்கினார்கள். இறக்கினது ஏறவே இல்லை. அவள் பறந்து வருவதைப் பார்த்தால் சட்டென்று மேலே இழுப்பார்கள், அவள் திரும்பினால் பழையபடி தாடை. கேட்டால், போட்டுத்தானே இருக்கிறோம், கண் தெரியவில்லையா என்பார்கள். கோட்டையன் தாடையில் தொங்கின மூடிக்குள் பழத்தை வேறு போட்டுவைத்திருந்தது. கடைக்குட்டி மறுபடியும் வாயை மூடிக்கொண்டது.

அன்றைக்கு நூலாயிக்குப் பொறுமை போயே போய்விட்டது. நடுமத்தியானம், கூட்டம் முழுக்கத் தின்ற மயக்கத்தில் தூங்குகிறது. ஆல இலைக் காம்பைக் கிள்ளினாள், பால் வடிந்தது. இனி எப்படிக் கழற்றுகிறீர்கள் பார்க்கிறேன் என்று முணுமுணுத்தபடி, மூடியின் ஓரம் முழுக்க அந்தப் பாலைத் தடவி, ஒவ்வொரு குரங்காக ஒட்டிக்கொண்டே போனாள். ஆத்திரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். முதலில் மூடியை வாய்க்கு ஏற்றியிருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டாள்.

எழுந்த குரங்குகள் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தன, வரவில்லை. பால் காயக் காய இலை தோலோடு தோலாகி, தாடையிலும் கன்னத்திலும் உள்வாங்கிக்கொண்டது. செவந்தான் வந்து பார்த்தான். "தைக்கத் தெரிஞ்ச உனக்கு வாய் எது தாடை எதுன்னு தெரியலையே" என்றான். ஒட்டினது ஒட்டினதுதான். இனி மூடி என்று ஒன்று வாய்க்கு ஏறவே ஏறாது. கீழே குஞ்சு இரைக்கிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் கோட்டையன் ஒன்றைக் கண்டுபிடித்தது. உள்வாங்கின இலை இப்போது கன்னத்துக்குள் பையாகி நிற்கிறது. தின்கிற பழத்தில் பாதியை அதில் அடைத்துக்கொண்டால் அப்புறம் நிதானமாகத் தின்னலாம். கன்னம் உப்ப உப்ப அடைத்தது. அடைத்த கையோடு இருமல் வந்தது. பழமெல்லாம் தெறித்து விழ, பக்கத்தில் இருந்த அதன் தம்பிக்காரன் பொறுக்கித் தின்றுவிட்டான்.

நூலாயி அதைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தாள். இத்தனை நாள் குஞ்சைச் சொன்னாள், கக்குவானைச் சொன்னாள், யார் காதிலும் ஏறவில்லை. இப்போது கோட்டையன் காதருகே போய் உட்கார்ந்து, குஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சொன்னாள்:

"மாமா, இருமல் வந்தா வாயைக் கையால மூடிக்குங்க. பழம் உங்களுக்கு. திறந்தீங்கன்னா உங்க தம்பிக்கு."

அடுத்த இருமலுக்குக் கோட்டையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு பழமும் விழவில்லை, ஒரு துளியும் சிதறவில்லை. தலைவனைப் பார்த்துக் கூட்டம் முழுக்கப் பொத்திக்கொண்டது. மூடி கொடுத்து, பூ வைத்து, கெஞ்சி நடக்காத காரியத்தை நாலு ஆலம்பழம் நடத்திக் கொடுத்தது. இதை முதலிலேயே யோசித்திருந்தால் தைத்த அலகாவது மிஞ்சியிருக்குமே என்று அவளுக்கு ஆற்றாமைதான். ஆனால் கொஞ்ச நாளில் கடைக்குட்டியின் இரைப்பு நின்றது. ஒரு காலையில் மற்ற இரண்டையும் தள்ளிக்கொண்டு, தொண்டை தெரிய வாயைத் திறந்து புழு கேட்டது.

அன்று பிடித்துதான் குரங்குக்குக் கன்னத்தில் பை வந்தது, பழம் கண்டால் தின்பதற்கு முன் அதில் அடைத்துக்கொள்கிறது. அன்று பிடித்துதான் தையல்சிட்டும் வேலியோரம் உட்கார்ந்து, கண்ணில் படுகிற எல்லாரையும் பார்த்து "மூடு, மூடு, மூடு" என்று கத்துகிறது. எல்லாரும் வாயைப் பொத்தி இருமுகிற அன்றைக்கு அது நிறுத்திவிடும் என்கிறார்கள். இன்று காலையும் எங்கள் கொல்லையில் கத்திக்கொண்டுதான் இருந்தது.