ஒரு குரலுக்கு இடம்

"அம்மா, இனிமே யாரையும் சேர்க்க முடியாது."

மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் தயாபரன்.

கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டு. திட்டின் மேட்டில் ஒரு சிறிய மடம். விடிந்ததிலிருந்து ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. திட்டில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மடத்துக் கூடத்தில் அடைக்கலம் புகுந்துகொண்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. செல்போனுக்கு உயிர் இல்லை.

கரையிலிருந்து வந்தது ஒரே படகு. நடக்க முடியாத நோயாளிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும்.

அதோடு ஒரு மெமரி கார்டும் போக வேண்டும். கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொன்ன குரல்கள் அதில் இருந்தன. அக்கரையில் தவித்துக் கிடக்கும் சொந்தங்களுக்காக.

கார்டு சிறியது. மடத்துக்கு வருமுன் கணினி வேலை பார்த்தவர் தயாபரன். குரல்களையெல்லாம் இறுக்கிச் சுருக்கி, மூட்டை கட்டுவதுபோல் ஒரே கோப்பாக்கியிருந்தார்.

புதிதாக ஒருவர் வந்தால் அந்தக் கோப்பை முழுதும் பிரிப்பார். எல்லாக் குரல்களையும் வெளியே எடுத்து, புதியதையும் வைத்து, மறுபடி முதலிலிருந்து சுருக்குவார். ஒவ்வொரு முறையும் பேட்டரி சரிந்தது.

"இன்னும் ஒருத்தி வந்திருக்கா" என்றார் அம்மா. மடத்தின் தலைவி. தயாபரனுக்குக் குரு.

வாசலில் தையல்நாயகி கைக்குழந்தையோடு நின்றாள். வாழைத் தெப்பத்தில் வைத்து இழுத்து வந்திருந்தார்கள். உடம்பெல்லாம் சேறு.

"என் வீட்டுக்காரரு அக்கரையில இருக்காரு சாமி. நாங்க போயிட்டோம்னு நெனச்சு ஆத்துல எறங்கிடுவாரு. ஒரு வார்த்தை அனுப்பிடுங்க."

தயாபரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பேட்டரி கடைசி மூச்சுல இருக்கும்மா. இன்னொரு தரம் பிரிச்சா நடுவுலயே அணைஞ்சிடும். இருக்கிற குரலும் போயிடும்."

படித்துறையிலிருந்து படகுக்காரர் சூசையின் குரல் வந்தது. "சாமி, தண்ணி வேகம் கூடுது. இனி நிக்க முடியாது."

"சரி. முதல்ல இவளுக்கு உக்கார இடம் வேணும்" என்றார் அம்மா.

கூடத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லை.

"எல்லாரையும் எழுப்பி வெளியே அனுப்புங்க. அப்புறம் இவளையும் சேர்த்து, முதல் வரிசையிலேர்ந்து உக்கார வையுங்க."

தயாபரன் தலை நிமிர்ந்தார்.

"மழையிலயாம்மா?"

"ஆமா."

"காய்ச்சல்காரங்க இருக்காங்க."

"எழுந்திருங்க" என்றார் அம்மா, கூடத்தைப் பார்த்து.

முன்வரிசையில் ஒரு கிழவர் கையை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை.

தயாபரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கும்மா அத்தனை பேரையும் எழுப்பணும்? உக்காந்தவங்க உக்காந்தபடி இருக்கட்டும். கதவோரம் கொஞ்சம் இடம் இருக்கு. இவளை மட்டும் அங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவரின் கண் மடிக்கணினிக்குப் போனது.

அம்மா கிழவரை அமரச் சொல்லிக் கைகாட்டினார்.

தயாபரன் பழைய கோப்பைத் தொடவில்லை. தையல்நாயகியின் குரலை மட்டும் வாங்கினார். அதை மட்டும் தனியே சுருக்கினார். கார்டில் பழையதற்குப் பக்கத்தில் போட்டார். இடம் இருந்தது.

கார்டை உருவிய கையோடு திரை அணைந்தது.

சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிப்போய் சூசையிடம் கொடுத்தார். படகு சுழலைத் தாண்டும்வரை மழையிலேயே நின்றார். ஈரம் சொட்டத் திரும்பி வந்தார்.

"ரெண்டு மூட்டையா ஆயிடுச்சும்மா" என்றார். "ஒரே மூட்டையா இருந்திருந்தா இன்னும் கச்சிதமா இருந்திருக்கும்."

"அக்கரையில நிக்கிறவன்," என்றார் அம்மா, "மூட்டையையா எண்ணப் போறான்?"