மண் சுவருக்குள் இரண்டு குரல்

ஒரு மலைக்காட்டில் ஓடைக்கரை ஓரமாக ஓர் இலவ மரம் இருந்தது. அதன் பொந்துக்குள் ஓர் இருவாச்சிப் பறவை தன் குஞ்சோடு இருந்தது.

இருவாச்சிகளின் வழக்கமே தனி. முட்டையிடும் காலத்தில் தாய் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். தகப்பன் பறவை பழம் பறித்து வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். குஞ்சு பெரிதாகும் வரை இப்படித்தான்.

ஒரு நாள் மதியம் பலத்த காற்று அடித்தது. பழம் பறிக்கப் போன தகப்பன் மேல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அது திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன மலையணில் குஞ்சு அழும் சத்தம் கேட்டு நின்றது. கீறலுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரே இருட்டு.

"யாரம்மா உள்ளே?"

"நான்தான் அண்ணா. அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது. குஞ்சுக்குப் பசி தாங்கவில்லை."

அணில் ஒரே ஓட்டமாகக் கரடியிடம் ஓடியது.

அந்தக் காட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஓடைக்கு அக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் பாறையில் ஒரு குழி. நாவல்பழம் தின்ன வருகிற எல்லோரும் போகும்போது ஆளுக்கொரு பழத்தைக் குழியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டுமே உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பழங்கள் போகும். குழியைக் கரடி கவனித்துக்கொண்டது.

"காலையில் ஐந்து பழம், மாலையில் ஐந்து. கொண்டுபோய்க் கொடு!" என்றது கரடி.

அணில் கொண்டுபோய்க் கொடுத்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும், "ஐயோ பாவம்!" என்றார்கள். ஒரு வாரம் வரை அப்படித்தான் சொன்னார்கள்.

அதே இலவ மரத்தில் மேல் பொந்தில் ஒரு மைனா குடியிருந்தது. அதற்கும் மூன்று குஞ்சுகள். விடிந்ததிலிருந்து இரை தேடி அலைந்து அதன் இறக்கை வலித்தது. தினமும் பழத்தோடு வரும் அணிலை அது பார்த்துக்கொண்டே இருந்தது.

"என்ன அண்ணே, மகாராணிக்குச் சாப்பாடு வந்துவிட்டதா?" என்று ஒரு நாள் கேட்டது.

"வந்துவிட்டது" என்றது அணில்.

"நானும் மூன்று பெற்றிருக்கிறேன். எனக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?"

"உனக்குத்தான் வீட்டுக்காரர் இருக்கிறாரே!"

"இருந்து என்ன? காலையில் காட்டெருமை முதுகில் ஏறி உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார்! அதை விடுங்கள். கீழே பாருங்கள் அண்ணே!"

அணில் குனிந்து பார்த்தது. மரத்தடியில் பழக்கொட்டைகள் குவியலாகக் கிடந்தன. தின்ற பழத்தின் கொட்டையைக் கீறல் வழியாக வெளியே தள்ளிவிடுவது இருவாச்சிகளின் பழக்கம்.

"பத்துப் பழம் தின்றால் இவ்வளவு கொட்டை விழுமா? சும்மா உட்கார்ந்துகொண்டு எவ்வளவு தின்கிறாள் பாருங்கள்!"

 அன்றைக்குத் திரும்பிப் போகும்போது அணிலுக்குக் கால் வலித்தது. அதுவரை வலித்ததில்லை.

இன்னொரு நாள் சாயங்காலம். மைனா தன் குஞ்சுகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தது. கீழ்ப் பொந்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கனமான ஆண் குரல்!

"கண்ணு, அப்பா வந்துவிட்டேன். சாப்பிட்டாயா?"

மைனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளும் காது கொடுத்துக் கேட்டது. அதே குரல்! விடிந்ததும் கரடியிடம் பறந்தது.

"பெரியவரே, நாமெல்லாம் ஏமாந்துபோனோம்! அவள் வீட்டுக்காரர் சாகவில்லை. உள்ளேயே ஒளிந்திருக்கிறார். என் இரண்டு காதாலும் கேட்டேன்!"

மைனா பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னது. கேட்டது என்னவென்று மட்டும் அதற்குத் தெரியாது.

சேதி காடெங்கும் பரவியது. "அதனால்தான் கொட்டை அவ்வளவு கிடக்கிறது! இரண்டு பேர் தின்றால் கிடக்காதா?" என்றது ஒரு முயல். "இனி நான் ஏன் பழம் போட வேண்டும்?" என்றது ஒரு புனுகுப்பூனை. குழியில் பழம் குறைந்தது.

கரடி தலையைச் சொறிந்தது. அது கெட்ட கரடி இல்லை. எல்லோரும் சண்டை போடுகிறார்களே என்று பயந்த கரடி. அதனால் ஒரு சட்டம் போட்டது.

"பங்கு வாங்குகிறவர் நாவல் மரத்தடிக்கு நேரில் வர வேண்டும். எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். வரும் வரை பழம் கிடையாது!"

அணில் வெறுங்கையோடு போய்ச் சேதி சொன்னது.

 இருவாச்சி உள்ளிருந்து மெல்லக் கேட்டது. "இங்கே வந்து பார்க்கக் கூடாதா, அண்ணா?"

"வந்து பார்த்தால் என்ன தெரியும்? உள்ளேதான் இருட்டாக இருக்கிறதே. நீ வெளியே வந்து ஒரு நிமிடம் பறந்து வந்தால் ஆயிற்று."

"என்னால் பறக்க முடியாது. அடைகாக்கும்போது எங்களுக்கு இறகெல்லாம் உதிர்ந்துவிடும். இன்னும் முளைக்கவில்லை."

அணில் சிரித்தது. "இறகில்லாத பறவையா? இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லையே!"

"நாங்கள் யாருக்கும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எங்களை யாரும் பார்த்ததுமில்லை."

"அதை அங்கே வந்து சொல், அம்மா. என் கையில் எதுவுமில்லை."

அன்று மாலை பழம் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. குஞ்சு முதலில் அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

தாய் இருவாச்சி குஞ்சைப் பார்த்தது. தன் அலகால் பூசிய மண் சுவரைப் பார்த்தது. சுவரை உடைத்தால், மரமேறிக் குஞ்சுகளைத் தின்னும் உடும்புக்கு வழி திறந்துவிடும். உடைக்காவிட்டால் குஞ்சு பட்டினி கிடக்கும்.

அது அலகை ஓங்கிச் சுவரைக் கொத்தத் தொடங்கியது.

"கண்ணு, நான் வரும் வரை சத்தம் போடாமல் இருக்க வேண்டும். இருப்பாயா?"

"இருப்பேன் அம்மா."

இருவாச்சி வெளியே குதித்தது. உடம்பு தரையில் மோதியது. எழுந்தது. நடந்தது.

வருவாளா என்று பார்க்க நாவல் மரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மைனா கிளை நுனியில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரமாட்டாள்! வந்தால்தான் குட்டு உடைந்துவிடுமே!"

அப்போது புல்லுக்குள் ஏதோ அசைந்தது. ஓடைத் தண்ணீரில் நனைந்து, சேறு அப்பி, பெரிய அலகை ஆட்டிக்கொண்டு ஒரு பறவை நடந்து வந்தது. முயல் களுக்கென்று சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. பறவையின் இறக்கைகளில் இறகுகள் இல்லை. முளைக்கத் தொடங்கிய குருத்துகள்தான் அங்கங்கே முள் முள்ளாக நின்றன.

இருவாச்சிக்கு மூச்சு வாங்கியது. "வந்துவிட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டீர்களா? நான் போகலாமா? அங்கே கதவு திறந்து கிடக்கிறது."

 கரடி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டது. "ஒன்று மட்டும் சொல்லிவிடு, அம்மா. உள்ளே ஓர் ஆண் குரல் கேட்கிறதாமே?"

இருவாச்சி தலையைத் தாழ்த்தியது. "அது நான்தான்."

"நீயா?"

"அவர் சாயங்காலம் வந்ததும் கூப்பிடுவார். குஞ்சு அந்தக் குரலைக் கேட்டால்தான் தூங்கும். அதனால் நானே அவர் மாதிரிக் கூப்பிடுகிறேன்."

"எங்கே, ஒரு தடவை கூப்பிடு" என்றது புனுகுப்பூனை.

இருவாச்சி தயங்கியது. கூப்பிடாவிட்டால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் பழம் கிடையாது. அது கண்ணை மூடிக்கொண்டது. தொண்டையை இறுக்கியது.

"கண்ணு, அப்பா வந்துவிட்டேன்!"

கனமான குரல் ஓடையைத் தாண்டிப் போனது. மைனா கிளையில் உறைந்து நின்றது. அதே குரல்! காட்டில் எத்தனையோ குரல்களைத் தன் வாயால் பேசிக் காட்டியது மைனாதான். இன்னொருத்தியும் அப்படிப் பேசலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

அக்கரையிலிருந்து மெல்லிய சத்தம் பதிலாக வந்தது.

"அப்பா! அப்பா!"

சத்தம் போடாதே என்று அம்மா சொல்லியிருந்தது. ஆனால் கூப்பிட்டது அப்பா ஆயிற்றே!

அடுத்த நொடி அந்தச் சத்தம் மாறியது. "அம்மா! அம்மா!"

"உடும்பு!" என்று அலறிய இருவாச்சி, இறகில்லாத இறக்கைகளை அடித்துக்கொண்டு ஓடியது. இரண்டு அடி எழும்பி விழுந்தது. மறுபடி ஓடியது.

மைனா அம்பு போலப் பறந்தது. இலவ மரத்தில் உடும்பு பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதோடு மோதும் பலம் மைனாவுக்கு இல்லை. அது நேராக உடும்பின் தலைக்கு மேலே போய், கழுகின் குரலில் வீறிட்டது!

உடும்பு மேலே பார்க்கக்கூட நிற்கவில்லை. பிடியை விட்டுத் தொப்பென்று விழுந்து புதருக்குள் ஓடி மறைந்தது.

கரடி இருவாச்சியை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து மரத்தில் ஏறியது. அணில் வாயில் கொள்ளும் அளவு பழம் கொண்டு வந்தது. தாய் பொந்துக்குள் நுழைந்ததும் குஞ்சு, "அப்பா எங்கே அம்மா?" என்று கேட்டது. எல்லோர் காதிலும் அது விழுந்தது. அம்மா ஒரு பழத்தை அதன் வாயில் வைத்தது.

மரத்திலிருந்து இறங்கிய கரடி கொட்டைக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தது. முதல் முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தது. மேலே ஈரமாகச் சில கொட்டைகள். கீழே கிடந்தவற்றில் பல முளைத்து, இரண்டிரண்டு இலை விட்டிருந்தன.

"மைனா, நேற்று விழுந்த கொட்டை இன்றைக்கு இலை விடுமா?"

மைனா குனிந்து அந்த இலைகளைப் பார்த்தது.

பொந்துக்குள்ளிருந்து இருவாச்சி சொன்னது. "அவையெல்லாம் அவர் கொண்டு வந்த பழங்கள்."

கரடி எழுந்து ஓடைக்குப் போனது. ஒரு கையில் ஈர மண்ணை அள்ளிக்கொண்டு மரத்தில் ஏறி வாசலில் அப்பியது. உள்ளிருந்து இருவாச்சி அலகால் தட்டித் தட்டிப் பூசியது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டார்கள்.

"சட்டம் போட்டது நான். தப்பு என்னுடையது" என்றது கரடி. "இனிமேல் யாரும் நேரில் வந்து நிற்க வேண்டாம். சந்தேகம் வந்தால் நான் போய்ப் பார்க்கிறேன்."

மைனா கீறல் அருகே வந்து உட்கார்ந்தது.

"அக்கா, என் மேல் கோபமா?"

"கோபப்பட நேரமில்லை, மைனா. உனக்கும் மூன்று பேர் இருக்கிறார்களே, அவர்கள் சாப்பிட்டார்களா?"

 அந்தக் கேள்வியை மைனாவிடம் யாரும் கேட்டதில்லை. அதுவும் யாரிடமும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் இருவாச்சி களைத்துப்போய்த் தூங்கிவிட்டது. குஞ்சு விழித்துக்கொண்டு சிணுங்கத் தொடங்கியது. அப்போது கீறலுக்கு வெளியிலிருந்து ஒரு கனமான குரல் மெதுவாகக் கேட்டது.

"கண்ணு, சாப்பிட்டாயா? தூங்கு."

குஞ்சு தூங்கியது. மைனா தன் பொந்துக்குத் திரும்பிப் போனது.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவரை நம் முன்னால் நிறுத்திச் சோதிப்பதற்கு முன்பு, அவருடைய வாசலுக்கு நாம் ஒரு முறை போய், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும்.