ராஜாவின் நாக்கு

முன்னொரு காலத்தில், கடலலை வந்து கோட்டைச் சுவரைத் தொட்டுப் போகும் ஆரலூர் என்ற நாட்டைத் திருக்கண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் எதில் இறங்கினாலும் தலைகால் தெரியாமல் இறங்குவான். ஒரு வருஷம் புறா வளர்த்தான். மறு வருஷம் யாழ் கற்றுக்கொண்டான். சபையே காதைப் பொத்திக்கொண்டு அலைந்தது. அதற்கப்புறம் அவனைப் பிடித்துக்கொண்டது திராட்சை மது.

தியோன் என்ற யவன வியாபாரி அந்த மதுவை ஜாடி ஜாடியாகக் கப்பலில் கொண்டுவருவான். பௌர்ணமிதோறும் ஒரு ஜாடியைத் திறந்து ருசி பார்ப்பது என்று ராஜா வழக்கம் வைத்தான். முதல் தடவை மோரைக் குடிப்பது போல மடமடவென்று குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கினான். கிண்ணத்தை லேசாகச் சுழற்ற வேண்டும், முதலில் மோந்து பார்க்க வேண்டும், ஒரு மடக்கை நாக்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்று தியோன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ராஜாவுக்கு அவமானமாகிவிட்டது. இது நமக்கு வராது, விட்டுவிடலாம் என்று ராணி கோதைநாச்சியிடம் சொன்னான்.

அடுத்த பௌர்ணமிக்கு ராணியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்று மது இனித்தது! அப்புறம் கேட்க வேண்டுமா? இது மலைச்சரிவுத் திராட்சை, இது மழை குறைந்த வருஷத்துப் பழம் என்று ராஜா மோந்தே சொல்லப் பழகினான். பாதி தப்பாகத்தான் இருக்கும். ராணி சிரிப்பாள், அவனும் சிரிப்பான். பொழுது போவதே தெரியாமல் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ராணி ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். ராஜா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். துக்கம் கழிந்த பிறகு, மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று மறுபடி ஒரு ஜாடியைத் திறக்கச் சொன்னான். ஒரு மடக்கு குடித்தவன் அப்படியே துப்பினான். புளிப்பென்றால் அப்படிப் புளிப்பு. இன்னொரு ஜாடி திறந்தார்கள். அதுவும் அப்படியே.

"ராணி போனதும் இந்த யவனனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கெட்டுப்போனதைக் கொண்டுவந்து என் தலையில் கட்டுகிறான்" என்றான் ராஜா.

கருவூல அதிகாரி பரங்கிரிக்கு நெடுநாளாகவே அந்தக் கப்பல் வியாபாரத்தைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர ஆசை. அமைச்சர் சாத்தப்பரின் சிநேகிதன் தியோன் என்பதில் எரிச்சல் வேறு. பரங்கிரி கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்து, தூ தூ என்று துப்பிவிட்டு, "மன்னர் நாக்கு பொய் சொல்லுமா? இது நஞ்சுக்கு அடுத்த படி" என்று தூபம் போட்டான். தியோனைச் சிறையில் தள்ளினார்கள். வரும் பௌர்ணமியன்று அவன் தலை போகும் என்றும், தன் நாக்கைச் சந்தேகிப்பவன் நாக்கும் போகும் என்றும் ராஜா அறிவித்தான்.

சாத்தப்பர் சிறைக்குப் போனார். அதே தோட்டம், அதே மது, எதுவும் மாறவில்லை என்று தியோன் அழுதான். அமைச்சர் அந்த ஜாடியிலும் பழைய ஜாடி ஒன்றிலும் குடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் புளித்தன. அப்படியானால் ராஜாவுக்கு மட்டும் முன்பு எப்படி இனித்தது? அன்றெல்லாம் ராணிக்குத் தட்டு ஏந்தி நின்ற பணிப்பெண் சடைச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்து அரண்மனைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார்.

பௌர்ணமி வந்தது. சபை நடுவே இரண்டு குடுவைகளை வைத்தார் அமைச்சர். முதல் குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். ராஜா துப்பினான். பரங்கிரியும் துப்பினான்.

"வாய் சுத்தமாக இதைக் கொஞ்சம் மெல்லுங்கள், மன்னா" என்று ஒரு நெல்லிக்காயை நீட்டினார். ராஜா மென்று விழுங்கினான். பிறகு இரண்டாவது குடுவை. ஒரு மடக்கு குடித்ததும் ராஜாவின் கண் கலங்கியது.

"இதுதான். இதுதான் நாங்கள் குடித்தது."

பரங்கிரி விடுவானா? தானும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்து, "தேன்! சுத்தமான தேன்!" என்று தலையை ஆட்டினான்.

சாத்தப்பர் கைகட்டி நின்றார். "மன்னா, இரண்டு குடுவையிலும் இருப்பது தியோனின் அதே ஜாடி மது. தங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. நெல்லிக்காய் தின்றால் தண்ணீரே இனிக்கும், மது இனிக்காதா? ஆனால் நெல்லிக்காயே தின்னாத பரங்கிரியாருக்கு இது எப்படித் தேனாக இனித்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. பரங்கிரி தலை நிமிரவில்லை. தியோனை அப்போதே விடுவிக்கச் சொன்னான் ராஜா. கழுத்து மாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போடப் போனான். அவர் பின்வாங்கினார்.

"இந்த யுக்தி என்னுடையதல்ல, மன்னா. ராணியாருடையது. தாங்கள் மனம் தளர்ந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் மதுவுக்கு முன்னால் தங்களுக்கு ஒரு நெல்லிக்காய் ஊட்டினார்களாம்."

ராஜாவுக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. யவன தேசத்து ராஜாக்கள் வழக்கம் என்று சொல்லித்தானே அவள் வாயில் வைப்பாள்? அவன் சடைச்சியைப் பார்த்தான். "அவளும் தின்றாளா?"

"இல்லீங்க மகாராஜா" என்றாள் சடைச்சி. "அம்மாவுக்கு நெல்லிக்கா ஆகாது, பல்லு கூசும். மதுவும் பிடிக்காது. உள்ள வந்ததும் வாயக் கொப்புளிப்பாங்க. ஏம்மா இந்தக் கஷ்டம்னு கேட்டேன். மத்த நாளெல்லாம் அவரு ராஜாடி, என்கூட உக்காந்து பேசுறது இந்த ஒரு பொழுதுதான், இத விடுவேனான்னாங்க."

ராஜா வாயை நன்றாகக் கொப்புளித்தான். நெல்லிக்காய் ருசி போகும்வரை காத்திருந்தான். பிறகு தானே ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு, முகம் சுளிக்காமல், அடிவரைக்கும் குடித்தான்.

"இவ்வளவு புளிக்கிறதே, சாத்தப்பரே" என்றான். அதற்கு மேல் பேச முடியாமல், சபை பார்க்க அழுதான்.