கோசுமல்லி நீர்விட்ட காரணம்

நெடுங்கரை ஜமீன்தாரைப் பச்சைக்காய் உண்ணும்படி வைத்தியர் பணித்திருந்தார். சமையற்காரி குருவம்மாள் வெள்ளரிக்காயும் மாங்காயும் நறுக்கி, ஊறிய பாசிப்பருப்பு சேர்த்து, கடுகு தாளித்துக் கோசுமல்லி செய்தாள். அதுவோ நாள்தோறும் இலையில் நீர்விட்டுத் துவண்டு கிடந்தது.

“இது கோசுமல்லியா, குளமா? நாளைக்கும் இப்படி இருந்தால் நீ மூட்டையைக் கட்டு!” என்று சீறினார் ஜமீன்தார்.

குருவம்மாளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவள் யோசித்தாள். ஜமீன்தார் இலைமுன் அமர்ந்ததும், கட்டியக்காரன் அவருடைய பட்டங்கள் அனைத்தையும் ஓதி முடிப்பான். அதன் பிறகே அவர் உணவில் கைவைப்பார். அதுதான் அரண்மனை வழக்கம்.

மறுநாள் அவளே பரிமாறினாள். ஒரே கோசுமல்லியை இரண்டு குவியலாக வைத்து, ஒன்றில் மட்டும் உப்பிட்டாள். கட்டியம் முடிந்த பிறகு மற்றதில் உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்தாள்.

முதற்குவியல் வழக்கம்போல் நீரில் மிதந்தது. இரண்டாவதை ஜமீன்தார் கடித்தார். நறுக்கென்று ஓசை எழுந்தது. ஒரு துண்டும் மீதமின்றி உண்டுவிட்டு நிமிர்ந்தார்.

“இரண்டும் உன் கைப்பக்குவந்தானே? முதலாவதைக் கெடுத்தது யார்?”

“உப்பிட்ட காய் காத்திருக்காது, எசமான். ‘வீராதிவீரர்’ என்றபோது நன்றாகத்தான் இருந்தது. ‘சூராதிசூரர்’ என்றபோது வியர்த்தது. தங்கள் பாட்டனாரின் பட்டங்கள் வந்ததும் அழுதேவிட்டது.”

கட்டியக்காரன் தலைகுனிந்தான். ஜமீன்தார் காலியான இடத்தையும் துவண்ட குவியலையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இனிச் சாப்பாடு முதலில்; பட்டங்கள் பிறகு” என்றார்.

குருவம்மாள் வேலையில் நிலைத்தாள். கட்டியக்காரனும் உணவுக்குப் பின் தவறாமல் ஓதினான். இரண்டாம் பட்டத்திலேயே ஜமீன்தார் குறட்டை விட்டார்.