ஓலைக்கு ஓலை கேட்ட சுங்கத் தலைவர்

பத்து ஜாதிக்காய்க் கன்றுகளும் காய்ந்து செத்தன. கடலில் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆழித்துறையில் கரை இறங்கி, சுங்கக் கொட்டகையில் கிடந்து செத்தன.

வரவழைத்தவன் அரண்மனைத் தோட்டக்காரன் பூவணன். தீவு வியாபாரி ஒருவன் கப்பல்தோறும் பட ஓலை கொடுத்தனுப்புவான். படத்தைப் பார்த்து வேண்டியதைக் குறித்து அனுப்பினால் அடுத்த கப்பலில் சரக்கு வரும். ராணி ஜாதிக்காய் மரத்தின் படத்தைப் பார்த்தாள். ஆசைப்பட்டாள். பூவணன் குறித்து அனுப்பினான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கன்றுகள் வந்தன. சுங்கத் தலைவர் அம்பலக்கூத்தர் விடவில்லை.

“அனுப்பியவன் ஓலை எங்கே?”

“அதே கப்பலில் வந்திருக்கிறதே ஐயா. உங்கள் கொட்டகையில்தான் கிடக்கிறது.”

“கப்பலில் வந்த ஓலையும் சரக்குதான். அதை வெளியே விட அதற்கொரு ஓலை வேண்டும்.”

“அதுவும் கப்பலில்தானே வரும்?”

“வரட்டும். கொட்டகையில் இடம் இருக்கிறது.”

“தண்ணீராவது ஊற்றட்டுமா?”

“சரக்குக்குத் தண்ணீர் ஊற்றச் சட்டத்தில் இடமில்லை.”

செத்தன. வியாபாரியோ, ‘சரக்கு கரை சேர்ந்தது’ என்று கப்பல்காரன் எழுதிக் கொடுத்ததைக் காட்டிக் கையைக் கழுவிவிட்டான். பூவணன் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் பத்து வரவழைத்தான். அவையும் கொட்டகையில் படுத்துவிட்டன. மூன்று நாள் ஆயிற்று.

அரசர் விசயமாறன் கறாராகச் சொல்லிவிட்டார். “இவையும் செத்தால் நீ தோட்டத்தை விட்டுக் கிளம்பு.”

“மகாராசா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கூத்தர் விட்டுவிடுவாரே?”

“சட்டம் எழுதியவர் அவர். முத்திரை போட்டவன் நான். என் முத்திரையை நானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?”

பூவணன் மாவடியானிடம் ஓடினான். மாவடியான் அவையில் இருப்பவன். அரசருக்கு அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்வது அவன் உத்தியோகம்.

“கன்று எத்தனை நாள் தாங்கும்?” என்றான் மாவடியான்.

“நாளைப் பொழுது சாய்வதற்குள் தண்ணீர் படாவிட்டால் போச்சு அண்ணே.”

“அந்தச் சட்டத்தை நான் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார் மனுஷன். ஒரு ஓட்டை இல்லை.”

“அப்போ என் கதி?”

“ஓட்டை இல்லாததுதான் நல்லது. போய் ஒரு குடம் தண்ணீர் நிறைத்து வை.”

மறுநாள் காலை மாவடியான் சுங்கத் தலைவர் முன்னால் போய் நின்றான்.

“தலைவரே, நங்கூரம் போட்டு நிற்கிறதே தீவுக் கப்பல், அதில் தேங்காய்ப்பால் அல்வா கிண்டுகிறார்களாம். உங்களுக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறானாம் கப்பல் தலைவன்.”

“கொண்டுவரச் சொல்லேன்.”

“கொண்டுவந்தால் கொட்டகைக்கல்லவா போகும்?”

கூத்தர் யோசித்தார். சட்டம் சட்டம்தான். அல்வா அல்வாதான்.

“படகை எடு,” என்றார்.

நடுப்பகலில் திரும்பினார். மீசையில் அல்வா ஒட்டியிருந்தது. படகுக்காரன் கப்பலில் ஏறவே இல்லை. அவனுக்குச் சட்டம் தெரியும்.

துறைப்படியில் மாவடியான் சட்ட ஓலையும் கையுமாக நின்றான். பக்கத்தில் அரசர். காற்று வாங்க வந்தாராம்.

“காவலர்களே, சரக்கு இறங்கியிருக்கிறது. கொட்டகையில் வையுங்கள்,” என்றான் மாவடியான்.

“எந்தச் சரக்கு?” என்றார் கூத்தர்.

மாவடியான் படித்தான். “‘அயல்நாட்டுக் கப்பலிலிருந்து கரை இறங்குவது எதுவானாலும், உயிருள்ளதோ உயிரற்றதோ, அனுப்பியவன் ஓலை வரும்வரை கொட்டகையில் இருக்க வேண்டியது.’ கீழே மகாராசா முத்திரை.”

“டேய், நான் இந்த ஊர்க்காரன்டா!”

“ஊரைப் பற்றி ஒரு வரியும் இல்லையே ஐயா. எழுதும்போதே சேர்த்திருக்கலாம்.”

கூத்தர் அரசரைப் பார்த்தார். அரசர் கடலைப் பார்த்தார். “முத்திரை என்னுடையதுதான்,” என்றார்.

காவலர்கள் கூத்தரே பழக்கியவர்கள். யோசிக்க மாட்டார்கள். அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“கப்பல் தலைவனிடம் ஓலை வாங்கிக்கொண்டு வாங்கடா!” என்று ஜன்னலில் கத்தினார் கூத்தர்.

படகு போயிற்று. கப்பல் தலைவன் மேலிருந்தபடியே ஓலையைக் கயிற்றில் இறக்கினான். ‘ஆள் ஒன்று. அல்வா தின்ற நிலையில் அனுப்பப்பட்டது.’ மாவடியான் அதை வாங்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டான்.

“ஓலை வந்துவிட்டது ஐயா. உங்கள் காலடியிலேயே கிடக்கிறது.”

“அப்புறம் என்ன? திற!”

“அதுவும் கப்பலில் வந்த சரக்கு. அதற்கொரு ஓலை வேண்டுமே.”

வெயில் ஏறிற்று. உள்ளே புழுக்கம். தின்ற அல்வா தொண்டையை அடைத்தது.

“தண்ணீராவது கொடுங்கடா, பாவிகளா!”

பூவணன் குடத்தோடு ஜன்னலருகே வந்தான்.

“சரக்குக்குத் தண்ணீர் ஊற்றச் சட்டத்தில் இடமில்லை ஐயா,” என்றான். பயந்துகொண்டேதான் சொல்லிவிட்டான்.

பிறகு ஒரு கை வெளியே நீண்டது.

“எழுத்தாணி கொடு.”

புதுச் சட்டம் ஜன்னல் வழியாக வந்தது. இரண்டே வரி. ‘சரக்கோடு வரும் ஓலைக்கு வேறு ஓலை வேண்டாம். உயிருள்ள சரக்குக்கு வந்தவுடன் தண்ணீர், அன்றைக்கே விடுதலை.’ அரசர் நின்ற இடத்திலேயே முத்திரை போட்டார்.

கதவு திறந்தது. கூத்தர் பாய்ந்தார். மாவடியான் குறுக்கே கையை நீட்டினான்.

“வரிசை ஐயா, வரிசை. கன்றுகள் உங்களுக்கு முன்னால் வந்தவை.”

பூவணன் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினான். ஒன்று போய்விட்டது. ஒன்பது பிழைத்தன. குடத்தின் அடியில் மிஞ்சியதைக் கூத்தரிடம் நீட்டினான். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பூவணா, தோட்டம் உன்னுடையது. மாவடியா, உனக்கு என்ன வேண்டும்? கேள்.”

“கொட்டகை வாசலில் ஒரு கல் நடுங்கள் மகாராசா. சட்டத்தைத் திருத்தியவர் பெயர் ஊருக்குத் தெரியட்டும்.”

“உன் பெயரா?”

“நான் எங்கே திருத்தினேன்? படித்தேன், அவ்வளவுதான்.”

கல் நட்டார்கள். அதில் வெட்டியிருப்பது இது:

‘ஓலைக்கு ஓலை கேட்கும் வழக்கத்தை, உள்ளே இருந்தபடி ஒழித்தவர், சுங்கத் தலைவர் அம்பலக்கூத்தர்.’